ஜிப் கோப்புகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டிடிபி கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டச்சு பாதி வேலை என்றால், வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திறப்பது மீதி வேலை. "சார், ஜிப் அனுப்பினேன், அவங்களுக்கு ஓப்பன் ஆகலையாம்" என்று தொடங்கும் பேச்சு வாரம் தவறாமல் வரும். அப்படி வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். விண்டோஸ் கணினியை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். மற்றவற்றில் மாறும் இடங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஜிப் ஃபைல்னா என்ன? அதுவும் ஒரு ஃபோல்டர்தானே?

பார்க்க ஃபோல்டர் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரே ஒரு கோப்பு. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி, முடிந்த அளவு சுருக்கி வைத்த மூட்டை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளிருப்பதை ஃபோல்டர் போலவே காட்டுகிறது. வசதிதான், ஆனால் பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுருக்குவதைவிடக் கட்டுவதற்குத்தான் எங்கள் தொழிலில் ஜிப் அதிகம் பயன்படுகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குப் போகிறது என்றால் கோரல் டிரா கோப்பு, அதில் வைத்த படங்கள், பயன்படுத்திய எழுத்துரு மூன்றும் சேர்ந்து போக வேண்டும். எழுத்துரு விட்டுப்போனால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். ஒரே மூட்டையாகப் போனால் எதுவும் வழியில் விடுபடாது.

எப்படிப் பிரிக்கிறது? எப்படிக் கட்டுறது?

பிரிக்க: கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுங்கள். அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகி எல்லாம் அதற்குள் வந்துவிடும். கட்ட: வேண்டிய கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் பட்டியலில் ஜிப்பாகச் சுருக்கும் கட்டளையை அழுத்துங்கள். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

மேக் கணினியில் இரட்டைக் கிளிக் செய்தாலே பிரிந்துவிடும். ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் "ஃபைல்ஸ்" செயலியில் ஒரு தட்டுப் போதும். ஆண்ட்ராய்டில் கூகுளின் "ஃபைல்ஸ்" செயலி ஜிப்பைப் பிரித்துக் கொடுக்கும். இதற்கென்று விளம்பரம் நிறைந்த செயலிகளை இறக்கிக்கொள்ள வேண்டாம்.

ஜிப்புக்குள்ளேயே ஃபைலைத் திறந்து ஒரு மணி நேரம் திருத்தி சேவ் பண்ணினேன். இப்போ திறந்தா பழையபடியே இருக்கு. எங்கே போச்சு?

இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். ஜிப்புக்குள் இருக்கும் கோப்பை நேராகத் திறந்தால், விண்டோஸ் அதன் நகல் ஒன்றைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்து வைத்து, அந்த நகலைத்தான் உங்களுக்குக் காட்டுகிறது. நீங்கள் திருத்தியதும் சேமித்ததும் அந்த நகலில். மூட்டைக்குள் இருக்கும் அசல் அசையவே இல்லை.

கோப்பு இன்னும் திரையில் திறந்திருந்தால் மூடாதீர்கள். "சேவ் ஆஸ்" கொடுத்து டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டால் பிழைத்தீர்கள். மூடிவிட்டீர்கள் என்றால் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் அன்றைய தேதியில் தேடிப்பாருங்கள். சில நேரம் கிடைக்கும், பல நேரம் கிடைக்காது.

வருமான வரித் தளத்தில் கிடைக்கும் எக்செல் படிவமும் ஜிப்பாகத்தான் இறங்குகிறது. ஜூலை மாதத்தில் இந்தப் புலம்பல் கூடுவதற்கு அதுதான் காரணம். முதலில் பிரியுங்கள், அப்புறம் திறங்கள். பிரித்து முடித்ததும் ஜிப்பை அழித்துவிடலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக அழிக்கலாம், பிரித்த கோப்புகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஜிப் பண்ணினா போட்டோ குவாலிட்டி குறையுமா?

குறையாது. ஜிப் செய்வது இழப்பில்லாச் சுருக்கம். பிரிக்கும்போது ஒரு பைட் கூட மாறாமல் அப்படியே திரும்பக் கிடைக்கும். மாறினால் அது கோளாறு. அதைக் கண்டுபிடிக்க உள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போது தரம் குறைவது வேறு சங்கதி. அங்கே படத்தையே சின்னதாக்கி மறுபடி சேமிக்கிறார்கள். போன விவரம் திரும்பி வராது. அதனால் அச்சுக்குப் போகிற படங்களை ஜிப்பாகக் கட்டி, "டாக்குமென்ட்" என்று அனுப்பச் சொல்வேன். அளவு குறையாது, தரமும் குறையாது.

அளவு குறையலைன்னா அப்புறம் அது என்ன சுருக்கம்? நூறு போட்டோவை ஜிப் பண்ணினேன், ஒரு எம்பி கூட இறங்கலை.

ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, எம்பி4 வீடியோ எல்லாமே ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் கொடுத்தால் என்ன வரும்? பிடிஎஃப் கோப்பின் உள்ளேயும் பெரும்பாலும் சுருக்கம் நடந்திருக்கும். எழுத்துக் கோப்பு, சிஎஸ்வி, டேட்டாபேஸ், பிஎம்பி படம், சுருக்காத டிஃப் ஆகியவை நன்றாகக் குறையும். ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகளை ஜிப் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உள்ளே என்னதான் நடக்குது? எதையும் தூக்கிப் போடாம எப்படிச் சின்னதாகுது?

திரும்பத் திரும்ப வருவதை ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, மறுபடி வரும் இடத்தில் "இத்தனை பைட் பின்னால் போய், இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று குறிப்பு மட்டும் வைப்பது முதல் உத்தி. ஆப்ரகாம் லெம்பல், ஜேக்கப் சிவ் இருவரும் 1977-இல் வெளியிட்டது. அடிக்கடி வரும் குறிக்குச் சின்னக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீளமான குறியீடு கொடுப்பது இரண்டாவது உத்தி. அது டேவிட் ஹஃப்மன் 1952-இல் சொன்னது. இரண்டையும் சேர்த்தால் டிஃப்லேட். இன்றைய ஜிப் கோப்புகளில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. பின்னால் பார்க்கும் தூரம் டிஃப்லேட்டில் 32 கேபி. அதற்கும் முன்னால் வந்தது அதன் கண்ணுக்குத் தெரியாது.

தமிழை எடுத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். "க" என்பது 224, 174, 149. "ம" என்பது 224, 174, 174. மேலே வைக்கும் புள்ளி 224, 175, 141. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. "அம்மா" என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறி, 15 பைட். அதில் ஐந்து பைட் வெறும் 224.

"தமிழ் கணினியில் அதிக இடம் பிடிக்கும்" என்று குறைப்படுபவர்கள் உண்டு. சுருக்காத நிலையில் அது உண்மைதான். ஆனால் மூன்றில் இரண்டு பைட் கிட்டத்தட்ட முன்கூட்டியே தெரிந்தது என்பதால், ஜிப் செய்ததும் அந்தச் சுமையில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஒரு நாவலின் எழுத்துக் கோப்பை ஜிப் செய்து, முன்னும் பின்னும் அளவைப் பாருங்கள்.

அப்போ ஜிப்பையே மறுபடி ஜிப் பண்ணிக்கிட்டே போனா?

ஒன்றும் குறையாது, சில பைட் கூடும். எந்தக் கோப்பையும் குறைத்துக் காட்டும் மென்பொருள் இருக்கவே முடியாது. இருந்தால் எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்து ஒரே பைட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். ஒரு பைட்டில் 256 வகைக்கு மேல் எழுத முடியாதே! "எதையும் பத்தில் ஒன்றாக்குவோம்" என்று விளம்பரம் வந்தால் கடந்து போங்கள்.

ஜிப், ரார், செவன்-ஜிப். எதுல அனுப்பலாம்?

அடுத்தவருக்கு அனுப்புவது என்றால் ஜிப், வேறு யோசனையே வேண்டாம். 1989-இல் பில் கட்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கி, அதன் விவரக் குறிப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதனால்தான் எந்தக் கருவியிலும் திறக்கிறது. ஒரு ஜிப் கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் பி, கே. அவருடைய முதலெழுத்துகள்தான். 2000-இல் காலமாகிவிட்டார், முத்திரை நிற்கிறது.

செவன்-ஜிப் ரஷ்யாவின் இகோர் பாவ்லோவ் எழுதியது, முழுக்க இலவசம். அதன் சொந்த வடிவத்தில் கட்டினால் பொதுவாக ஜிப்பைவிடச் சின்னதாக வரும், காரணம் அது இன்னும் வெகு தூரம் பின்னால் பார்க்கும். நேரமும் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் பழைய வேலைகளுக்கு நல்லது.

ரார் இன்னொரு ரஷ்யரான யூஜீன் ரோஷல் உருவாக்கியது. பிரிக்க இலவச மென்பொருள்கள் உண்டு, உருவாக்க வின்ரார் நிறுவனத்தின் மென்பொருள்தான் வேண்டும். கெட்டுப்போனால் சரிசெய்ய உதவும் மீட்புப் பதிவைக் கூடவே வைக்கும் வசதி அதன் பலம். விண்டோஸ் 11-இல் 2023 முதல் ரார், செவன்-ஜிப் இரண்டும் நேராகவே திறக்கின்றன. வாடிக்கையாளர் எந்த விண்டோஸ் வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாதே, அதனால்தான் ஜிப் என்கிறேன்.

வின்ரார் 40 நாள் முடிஞ்சதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. பணம் கட்டணுமா?

சட்டப்படி ஆமாம், 40 நாள் சோதனைக் காலம்தான். நாள் கடந்தும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பது உலகமறிந்த வேடிக்கை. கடையில் வைத்துப் பயன்படுத்துபவர் வாங்கிவிடுவது முறை. வாங்க விருப்பமில்லை என்றால் செவன்-ஜிப் போட்டுக்கொள்ளுங்கள், ராரையும் பிரிக்கும்.

டார் ஜீஇசட்னு ஒண்ணு வந்திருக்கு. அது என்ன இரட்டைப் பேர்?

லினக்ஸ் பக்கத்து வழக்கம். முதல் கேள்வியில் சொன்ன இரண்டு வேலைகளையும் அங்கே இரண்டு பேர் செய்கிறார்கள். டார் கட்டும், சுருக்காது. ஜீஜிப் சுருக்கும், ஒரு கோப்பைத்தான். ஜீஜிப்பை 1992-இல் எழுதியவர்கள் ஜான்-லூ கையி, மார்க் ஆட்லர். உள்ளே அதே டிஃப்லேட்தான். செவன்-ஜிப்பில் இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மெயில்ல ஜிப்பை இணைச்சா தடுக்குது. வைரஸ்னு நினைக்குதா?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அளவு: ஜிமெயிலில் இணைப்புகளுக்கு 25 எம்பி வரம்பு. அதற்கு மேல் போனால் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரி அனுப்புங்கள். இன்னொன்று உள்ளடக்கம்: ஜிப்புக்குள் இஎக்ஸ்இ போன்ற இயங்கு கோப்பு இருந்தால் ஜிமெயில் எட்டிப்பார்த்துத் தடுத்துவிடும். மென்பொருள் நிறுவும் கோப்பு அனுப்ப மெயில் சரியான வழி இல்லை.

ஜிப் கெட்டுப்போச்சுன்னு வருது. ஆனா 90 சதவீதம் டவுன்லோடு ஆயிடுச்சே, அந்த 90-ஆவது திறக்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற விவரம் அங்கேதான். இறக்கம் பாதியில் நின்றால் கடைசி வராது. பட்டியல் இல்லாமல் விண்டோஸ் "செல்லாத கோப்பு" என்று கையை விரித்துவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அளவு. தளத்தில் 300 எம்பி என்று போட்டு, உங்களிடம் 270 இருந்தால் மருந்து ஒன்றுதான், மறுபடி இறக்குவது.

மறுபடி கிடைக்காது என்றால் செவன்-ஜிப்பில் திறந்து பாருங்கள். பட்டியல் போனாலும் ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் சின்னத் தலைப்பு ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சிலவற்றை மீட்கலாம்.

அளவு சரியாக இருந்து, ஒரு கோப்பில் மட்டும் "சிஆர்சி" பிழை வந்தால் அது வேறு. கட்டும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைப்பார்கள். பிரிக்கும்போது அந்த எண் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால் மற்றவை தப்பிக்கும். செவன்-ஜிப் வடிவம் வழக்கமாகப் பல கோப்புகளைச் சேர்த்து ஒரே சரமாகச் சுருக்கும். நடுவில் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பவையும் போகலாம். இருக்கும் ஒரே நகலை அதில் வைக்காதீர்கள்.

பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3ன்னு மூணு வந்திருக்கு. முதல்ல எதைப் பிரிக்கணும்?

மூன்றையும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் வையுங்கள். முதல் பாகத்தை மட்டும் பிரித்தால் போதும், மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு பாகம் குறைந்தாலும் முழுதாகப் பிரியாது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 என்று பிரவுசர் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பாதிப் புகார் அதனால்தான்.

5 ஜிபி ஜிப்பை பென்டிரைவில் போட்டா "இடம் போதாது"ங்கிற மாதிரி சொல்லுது. 32 ஜிபி காலியா இருக்கு!

குற்றம் ஜிப்பில் இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள் (உள்ளிருப்பது அழியும், முதலில் நகலெடுங்கள்). அல்லது செவன்-ஜிப்பில் பாகங்களாகக் கட்டுங்கள்.

ஜிப்புக்கும் முன்பு இதே 4 ஜிபி வரம்பு இருந்தது, கூடவே 65,535 கோப்புகள் என்ற வரம்பும். ஜிப்64 என்ற விரிவாக்கம் வந்து அதைத் தீர்த்தது. மிகப் பழைய மென்பொருளில் மட்டும்தான் இப்போது சிக்கல் வரும்.

பாஸ்வேர்டு போட்டு அனுப்பினா பாதுகாப்புதானே?

எந்த முறையில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிப்பின் பழைய பூட்டு பலவீனமானது. உள்ளிருக்கும் கோப்பின் ஒரு சிறு பகுதி தெரிந்தால் திறந்துவிடலாம் என்று பிஹம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். செவன்-ஜிப்பில் கட்டும்போது குறியாக்க முறையில் ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுங்கள். ஒரு தொல்லை: அந்த ஜிப்பை விண்டோஸின் சொந்த வசதியால் திறக்க முடியாது, பெறுபவரிடமும் செவன்-ஜிப்போ வின்ராரோ இருக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பூட்டிய ஜிப்பிலும் கோப்புப் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். "சம்பளப் பட்டியல்", "விவாகரத்து மனு" என்று பெயர் வைத்துப் பூட்டிப் பயனில்லை. பெயரையும் மறைக்கச் செவன்-ஜிப் வடிவத்தில் தனித் தெரிவு உண்டு. கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதி அனுப்பாதீர்கள், போன் பண்ணிச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு மறந்துபோச்சு. உடைச்சுத் தர முடியுமா?

ஏஇஎஸ் என்றால் ஊகித்து ஊகித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. சின்னச் சொல் என்றால் மென்பொருள் கண்டுபிடிக்கலாம், நீளமானது என்றால் மறந்துவிடுங்கள். "ஆன்லைனில் உடைத்துத் தருகிறோம்" என்ற தளங்களில் உங்கள் ஆவணத்தை ஏற்றுவது, பூட்டியதன் நோக்கத்தையே கெடுக்கும்.

ஜிப்பில் வைரஸ் இருக்குமா? திறந்தாலே வந்துடுமா?

ஜிப் சும்மா கிடக்கும்வரை ஆபத்தில்லை. உள்ளிருக்கும் இயங்கு கோப்பை ஓட்டினால்தான் வினை. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியான வகைப்பெயரை மறைத்தே காட்டும், "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்பது "பில்.பிடிஎஃப்" என்று தெரியும். எக்ஸ்ப்ளோரர் அமைப்பில் அந்த மறைப்பை எடுத்துவிடுங்கள், இன்றே. தெரியாதவர் அனுப்பிய மெயிலில் ஜிப்பும் அதற்கான கடவுச்சொல்லும் சேர்ந்தே வந்தால் சந்தேகப்படுங்கள். வைரஸ் சோதனை உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டியிருப்பார்கள்.

பிரிக்கும் மென்பொருளிலேயே ஓட்டை இருந்த கதையும் உண்டு. வின்ராரில் 2023-இல் வந்த 6.23 பதிப்பு அப்படி ஒன்றை அடைத்தது. அதற்குள் அதைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடந்திருந்தன. வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பழைய சிடியிலிருந்து போட்ட பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள்.

வேடிக்கைக்கு ஒன்று: "42 ஜிப்" என்று ஒரு கோப்பு உண்டு. அளவு சுமார் 42 கேபி. ஜிப்புக்குள் ஜிப்பாக முழுவதும் பிரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 4,500 டெராபைட். எல்லாம் ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் டிஃப்லேட் எவ்வளவு அழுத்தும் என்பதற்குச் சாட்சி. உள்ளடுக்குகளையும் பிரித்துப் பார்க்கும் பழைய வைரஸ் சோதனை மென்பொருள்களைத் திணறவைக்க இது போதும்.

வேர்டு ஃபைலும் ஜிப்தான்னு ஒருத்தர் சொன்னாரு. நிஜமா?

நிஜம். 2007 முதல் வரும் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் எல்லாம் உள்ளுக்குள் ஜிப். இபப் மின்னூலும், ஆண்ட்ராய்டின் ஏபிகேவும் அப்படியே. அதனால்தான் வேர்டு கோப்பை ஜிப் செய்தால் அளவு குறைவதில்லை.

இதில் ஒரு லாபம் உண்டு. வாடிக்கையாளர் படங்களை எல்லாம் வேர்டில் ஒட்டி அனுப்பி, "தனியா படம் இல்லை சார்" என்பார். டாக்எக்ஸின் நகலை எடுத்து வகைப்பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். "வேர்டு" ஃபோல்டருக்குள் "மீடியா" என்று ஒன்று இருக்கும். படங்கள் வரிசையாக அங்கே கிடக்கும். திரையைப் படம்பிடித்து வெட்டி எடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ்ல பேர் வச்ச ஃபைலை ஜிப் பண்ணினா பேர் கோணல்மாணலா வருது. ஏன்?

ஜிப் பிறந்தபோது கோப்புப் பெயருக்கு ஐபிஎம் கணினியின் 437 என்ற எழுத்துப் பட்டியலைத்தான் வைத்தார்கள். அதில் தமிழ் இல்லை. பெயர் யூடிஎஃப்-8-இல் இருக்கிறது என்று சொல்லும் அடையாளம் 2006-இல்தான் விவரக் குறிப்பில் சேர்ந்தது. கட்டிய மென்பொருள் அந்த அடையாளத்தைப் போடாவிட்டாலோ, பிரிக்கும் மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டாலோ, பெயர் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறும். பெயர்தான் கெடும், உள்ளிருப்பது கெடாது. அந்தப் பக்கம் பழைய கணினி என்று தெரிந்தால் அனுப்பும் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். மனசுக்குப் பிடிக்காத யோசனைதான், ஆனால் அவசர வேலையில் பிழைக்க வழி அது.

மேக்ல இருந்து வந்த ஜிப்பில் ஒரு ஓஎஸ்எக்ஸ் ஃபோல்டர் கூடவே இருக்கு. அழிக்கலாமா?

அழிக்கலாம். மேக் தன் சொந்தக் குறிப்புகளை அதில் வைக்கிறது, விண்டோஸுக்கு அதனால் பயனில்லை. அதற்குள் உங்கள் கோப்புப் பெயர்களே முன்னால் புள்ளியும் அடிக்கோடும் வைத்து இருக்கும். அவற்றைத் திறந்து "படம் கெட்டுப்போச்சு" என்று பதறாதீர்கள். அசல் வெளியே இருக்கிறது.

பழைய சிடியில் ஏஆர்ஜே, எல்இசட்எச், ஏஸ் எல்லாம் இருக்கு. இப்போ திறக்குமா?

முதல் இரண்டையும் செவன்-ஜிப் பிரிக்கும். ஏஸ் மட்டும் சிக்கல். வின்ரார் முன்பு அதைத் திறந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்குப் பயன்படுத்திய பழைய நிரல்துண்டில் பெரிய ஓட்டை இருப்பது 2019-இல் வெளியே வந்தது. மூலநிரல் கையில் இல்லாததால் சரிசெய்யவும் வழியில்லை, 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். உங்கள் சொந்தச் சிடி என்றால், இணையத்தில் இணைக்காத பழைய கணினி ஒன்றில் பழைய மென்பொருளைப் போட்டுப் பிரித்து, ஜிப்பாக மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து புதிதாக ஒரு ஏஸ் கோப்பு வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.